மறு: 'இண்டிபெண்டெண்ட் ஃபிலிம் கம்பெனி' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

> 'சுயாதீனத் திரைப்பட நிறுவனம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா கேட்டது நியாயம்தான். சிற்றிதழ்களிலும் திரைப்பட விழா அறிவிப்புகளிலும் 'சுயாதீன சினிமா' வேர் பிடித்துவிட்டது. அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. கோழிக்கோட்டு ஒடேசா திரைப்படக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு நண்பர்கள் என்னைத் தமிழ் உரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டத்தான். தொடக்கத்திலேயே 'ஒடேசா ஒரு சுயாதீன நிறுவனம்' என்று எழுதிப் படித்துப் பார்த்தேன். திரையில் நடக்கிற எதையும் அந்தச் சொல் தொடவில்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 1984-ல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய குழு அது. 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தவராக நமக்கு அவரைத் தெரியும். ஒடேசாவில் தயாரிப்பாளர் என்று ஒருவர் கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரை கட்டிக் காட்டினார்கள். பார்க்க வந்த சனங்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் 1986-ல் 'அம்ம அறியான்' உருவானது. பிறகு அந்தப் படத்தையும் ஊர்களுக்கே எடுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டே ஜான் இறந்துவிட்டார்.

சித்ரலேகாவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய திரைப்படச் சங்கம் அது. பிறகு கூட்டுறவாக நின்று 'சுயம்வரம்' (1972) எடுத்தார்கள். அந்தப் படத்துக்கு மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம் கடன் கொடுத்தது. அதுவும் சுயாதீனம், இதுவும் சுயாதீனம் என்றால் கேட்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? காசு யாருடையது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. நமக்கு வேண்டிய சொல் அதைச் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் மலையாளத்தில் இதற்குப் 'பிரிவு' என்பார்கள். ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவது. தமிழிலும் 'ஊரில் வரி பிரிக்கிறார்கள்' என்கிறோம். ஆனால் 'பிரிவுப் படம்' என்று எழுதினால் பொள்ளாச்சியில் இருப்பவர் யாரோ பிரிந்துபோன கதை என்றுதான் நினைப்பார். படத்தின் பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 'அறியான்' தமிழ்க் காதில் 'அறியமாட்டான்' என்று விழும். மலையாளத்தில் அது 'அறிவதற்காக'. அம்மாவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. எல்லையில் வாழ்கிறவர்கள் இப்படி ஒலி ஒத்த சொற்களிடம் கூடுதல் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது.

தோழி சொன்ன 'திரள்நிதி' நல்ல சொல். இணையத்தில் பணம் திரட்டுவதற்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்த் திடலில் துண்டை விரித்துக் காசு கேட்பதை 'நிதி' என்று சொல்ல மனம் வரவில்லை, அதில் அலுவலக வாடை அடிக்கிறது. இன்னொருவர் 'மொய்ப்படம்' என்றார். மொய் என்றால் நோட்டில் கணக்கு ஏறும், ஒரு நாள் திருப்பி வைக்கவேண்டும். இங்கே அது கிடையாது.

நான் முன்வைப்பது 'ஊர்முதல்'. முதல் போட்டவரை முதலாளி என்கிறோம். ஊரே போட்டால் அது ஊர்முதல். ஊர்முதல் படம், ஊர்முதல் படக்குழு. 'நிறுவனம்' இங்கே வேண்டாம், அவர்கள் தங்களை அப்படி நினைத்துக்கொள்ளவில்லை.

இதில் இரண்டு தடை தெரிகிறது. 'ஊர் முதல் நகரம் வரை' என்பதுபோல யாராவது படிக்கலாம்; சேர்த்தே எழுதினால் அது தீரும். அப்புறம், முதல் போட்டவர் லாபம் எதிர்பார்ப்பாரே என்று கேட்பீர்கள். முடிந்த படம் அவர்களுடைய ஊர்களுக்கே வந்தது அல்லவா? நான் அதைத்தான் வரவாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் அத்தையிடம் விளக்கம் எதுவும் இல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் சொன்னேன். "ஊர்க்காசு போட்டு எடுத்ததா?" என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

புணர்ச்சி இலக்கணம் தெரிந்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: 'ஊர்முதற்படம்' என்று சேர்க்கவேண்டுமா, 'ஊர்முதல் படம்' என்றே விடலாமா? பிள்ளைகள் வாய்க்கு இரண்டாவதுதான் எளிது. அடுத்த வாரம் உரை ஒலிப்பதிவு, அதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.