பெரிய வீட்டுக் குழு: மேலே பாய்ச்சிய தண்ணீர்

பெரியப்பா: கயல், நேற்று நீ போட்ட படத்தைப் பார்த்தேன்மா. மலையையே பிளந்து போட்ட மாதிரி இருக்கிறது. பெரிய மழையோ?

கயல்: மழை இல்லை பெரியப்பா. அங்கே வருடம் முழுக்கப் பெய்தாலே 300 மில்லிமீட்டர் அளவுதான். அது மலையும் இல்லை. சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில் ஹெய்ஃபாங்தாய் என்ற மேட்டுநிலம். மேலே தட்டையாக வயல், ஓரத்தில் செங்குத்தான சரிவு. வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர்தான் இந்த மண்சரிவுக்குக் காரணம்.

அத்தை: தண்ணீர் பாய்ச்சினால் மேடு சரியுமா?

கயல்: ஒருநாள் பாய்ச்சினால் சரியாது அத்தை. அணைக்காக நிலத்தை இழந்தவர்களை 1960களில் அங்கே குடியேற்றினார்கள். ஆற்று நீரைப் பம்பு வைத்து ஏற்றி, அன்றிலிருந்து பாய்ச்சுகிறார்கள். மேல்மண்ணுக்கு அடியில் களிமண் படுகை. தண்ணீர் அதைத் தாண்டி எளிதில் இறங்காது. அங்கேயே தேங்கித் தேங்கி, நிலத்தடி நீர்மட்டம் சுமார் 20 மீட்டர் ஏறிவிட்டது.

பெரியப்பா: நம் தோட்டத்துக் கிணற்றிலும் ஊற்று கசிந்த பக்கம்தான் கரை இடிந்தது.

கயல்: கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இந்த மண் வேறு ரகம். லோயஸ் என்பார்கள், காற்று கொண்டுவந்து குவித்த பொடிமண். உள்ளே நிறைய இடைவெளி. காய்ந்திருக்கும்வரை சுவர் மாதிரி நிற்கும், அதைக் குடைந்து வீடே கட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டியை எடுத்துவந்து கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். குபுகுபுவென்று குமிழி விட்டது, ஓரமெல்லாம் உதிர்ந்தது, நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சேறாகப் படிந்துவிட்டது.

செந்தில் அண்ணன்: அடிமண் அப்படி ஆனால் மேலே இருக்கும் பாரம்?

கயல்: அங்கேதான் வினையே அண்ணா. பாரத்தில் அடிமண் நெரியும், இடைவெளி சுருங்கும். உள்ளிருக்கும் நீருக்கு வெளியேற நேரம் கிடைக்காது. மண்மணிகள் தாங்கிய பாரம் தண்ணீர்மேல் விழும். அவ்வளவுதான், மண் கூழாகி ஓடும். படத்தில் இருப்பது 2015 ஏப்ரலில் அந்த மேட்டின் தாங்சுவான் என்ற பகுதியில் அப்படி ஓடியது.

சித்தி: முன்கூட்டித் தெரியாதா கண்ணு?

கயல்: அடையாளம் இருக்கிறது சித்தி. அடிவாரத்தில் ஈரக்கோடு, அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். குளிர்காலத்தில் கசியும் வாய் உறைந்து அடைத்துக்கொள்ளும், உள்ளே நீர் இன்னும் ஏறும். செங்டு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் விரிசல்களின் குறுக்கே கருவி வைத்துச் சில மண்சரிவுகளை முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

பெரியப்பா: பாய்ச்சுவதையே நிறுத்தினால்?

கயல்: அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை பெரியப்பா. ஏற்கனவே ஒருமுறை நிலத்தை விட்டுக்கொடுத்தவர்கள். இன்னொரு முறை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை.

பெரியப்பா: சரி, வாய்க்கால் ஓரத்தை ஒட்டியே ஓடுகிறதா என்று பார். அதை உள்ளே தள்ளி, வெள்ளமாக விடாமல் சொட்டுநீர் போடலாமே.

கயல்: நாளை எங்கள் பேராசிரியரிடம் கேட்கிறேன். வாய்க்கால் படமும் அனுப்புகிறேன்.