சான்சிபார் கதவுகள்: குறுகிய சந்தில் நேராகப் படமெடுப்பது எப்படி?

கேள்வி – குமிழ்க்கதவு
தான்சானியாவின் சான்சிபார் தீவில், ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரில் செதுக்கு வேலைப்பாடுள்ள மரக்கதவுகளை எடுக்கணும். 30 கதவுகளை ஒரே போஸ்டரில் அடுக்குவது திட்டம். ஒத்திகைப் படங்களில் மூணு கோளாறு: கதவு மேலே போகப் போக ஒடுங்குது, பித்தளைக் குமிழ்கள் வெள்ளைப் புள்ளியாத் தெரியுது, நீலப் பெயிண்ட் தட்டையா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. ஃபுல் ஃபிரேம் கேமரா, 24-70 லென்ஸ். பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் வாங்கட்டுமா?

பதில் – நூல்குண்டு
ஒடுங்குவதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான். சென்சார் கதவுக்கு இணையாக இருந்தால் கோடு சாயாது. நிலையோடு 3 மீட்டர் உயரக் கதவென்றால் கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், கதவின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். கதவின் நடுச்சட்டத்தை கேமரா திரையின் கிரிட் கோட்டோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

சந்தில் பின்னால் போக 2.5 மீட்டர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செங்குத்து ஃபிரேமில் 3.6 மீட்டர் உயரம் அடங்க 25 மி.மீ. ஃபோகல் நீளம் வேண்டும் (எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்). ஆக உங்கள் 24 மட்டுமட்டாகப் போதும். அதைவிடக் குறுகலான சந்தில் 16-35 லென்ஸ் இல்லாமல் முடியாது.

மிச்சச் சாய்வை லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் சரிசெய்யலாம். முதலில் லென்ஸின் வளைவைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைல், அப்புறம்தான் நாம் போடும் கோடுகளை வைத்துப் படத்தை நிமிர்த்தும் கைடட் அப்ரைட். நிலையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கோடு, மேலும் கீழும் ஒவ்வொன்று. திருத்தும்போது ஓரம் வெட்டுப்படும், அதனால் சுற்றிலும் கொஞ்சம் சுவர் விட்டே எடுங்கள். லென்ஸ் திறப்பு எஃப்/8 போதும்.

பதில் – சாயப்பட்டறை
போலரைசருக்குக் காசு போடாதீங்க. பித்தளை மாதிரி வெற்று உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது வெட்டாது. பெயிண்ட், வார்னிஷ் மேல் வேலை செய்யும், ஆனா சாய்ந்த கோணத்தில்தான். நீங்க நிற்பதோ கதவுக்கு நேர் எதிரே.

குமிழ் குவிந்த பரப்பு, எங்கே வெளிச்சம் இருந்தாலும் அதில் ஒரு புள்ளி விழும். வெயில் விழாத நேரத்தில் எடுத்தா அந்தப் புள்ளி பெரிசா, மங்கலா மாறி பித்தளை நிறம் தெரியும். எதிர்ச்சுவரையும் பாருங்க. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் வெயில் அடிச்சா பளபளப்பான கதவு முழுக்கப் பால் ஊத்தின மாதிரி ஆகிடும். வெளிறிய பழைய மரத்துக்கு அதே சுவர் நல்ல ரிஃப்ளெக்டர். உங்க பிம்பம் கதவில் தெரியாம இருக்க கறுப்புச் சட்டை போட்டுக்கோங்க!

நீலம் தட்டையாவது படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளில் நீல சேனல் மட்டும் அளவு மீறி எரிந்துபோவதால். ஒற்றை ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச வரைபடம்) அது தெரியாது, மூணு நிறத்தையும் தனித்தனியா காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் பாருங்க. ரா ஃபைலா (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்க, எக்ஸ்போஷர் மைனஸ் 0.7-ல் ஆரம்பிங்க. நிழலில் எல்லாமே நீலம் ஏறும், ஒயிட் பேலன்ஸை 6500–7500 கெல்வின் வெச்சா மரம் மரமா இருக்கும். சாச்சுரேஷனை மட்டும் தொடாதீங்க, பாதிக் கதவுப் படங்கள் கெடுவது அதில்தான்.

பதில் – திண்ணைவாசி
அடுக்கும்போது வகை பிரித்துக்கொண்டால் போஸ்டர் எடுபடும். மேல்பகுதி நீள்சதுரமாக இருந்தால் ஓமானி அரபு பாணி, அரைவட்ட வளைவு என்றால் இந்தியப் பாணி. சிறுசிறு சதுரங்களாக, மடக்குப் பலகைகளோடு இருப்பது குஜராத்திக் கடைக்கதவு. கடை திறந்துவிட்டால் பலகை மடங்கிவிடும், வேலைப்பாடு தெரியாது. காலை 7 மணிக்கே போய்விடுங்கள். நிலையில் ஓடும் சங்கிலி, மீன், தாமரைச் செதுக்கல்களுக்குத் தனி குளோசப் எடுக்க உங்கள் லென்ஸின் 70 முனை உதவும்.

திறந்த கதவு வழியே வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஆள் இருந்தால் "சமஹானி, நாவோம்பா கூபிகா பிச்சா" என்று கேளுங்கள்: மன்னிக்கணும், ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அர்த்தம். சுவாஹிலியில் பிச்சா என்றால் படம்தான், கூச்சப்படாமல் சொல்லலாம். மார்ச் முதல் மே வரை பெருமழைக்காலம், தவிர்த்துவிடுங்கள்.

குமிழ்க்கதவு
போலரைசர் வேண்டாம், 16-35 வாடகைக்கு எடுக்கிறேன். எல்லாக் கதவையும் ஒரே ஃபோகல் நீளத்தில் எடுக்கணுமா?

நூல்குண்டு
அவசியமில்லை. நேர் எதிரே நின்று எடுத்தால் தட்டையான கதவில் வித்தியாசம் தெரியாது, ஆழமான நிலையின் உட்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். கதவு அகலம் ஃபிரேமில் எவ்வளவு என்பதை மட்டும் 30 படத்திலும் ஒன்றாக வையுங்கள்.