புதுப்பிப்பு: எஃப்3 தரவில் அலை வடிவத்தைப் பிரிப்பது எப்படி?

போன முறை கேட்டது இதுதான்: வட கடலின் நெதர்லாந்துப் பகுதியில் 1987-இல் எடுத்த எஃப்3 நில அதிர்வுத் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நிலத்துக்குள் அனுப்பிய ஒலி அலை பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பி வந்த பதிவு அது. அதில் அனுப்பிய அலையின் வடிவமும் தெரியாது, பாறையின் பண்பும் தெரியாது. ஒரே பதிவிலிருந்து இரண்டையும் எப்படி எடுப்பது?

பதிவை மட்டும் வைத்துப் பிரிக்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று. அலையை இரட்டிப்பாக்கி எதிரொலிப்பை (அடுக்குகளின் எல்லை அலையில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை) பாதியாக்கினாலும் அதே பதிவுதானே வரும்! 1950களில் எம்ஐடியில் எண்டர்ஸ் ராபின்சன் காட்டிய வழிக்கு இரண்டு அனுமானங்கள் வேண்டும்: எதிரொலிப்புகள் ஒழுங்கின்றி அமைந்தவை, அலை மினிமம் ஃபேஸ் (ஆற்றல் முடிந்தவரை தொடக்கத்திலேயே குவிந்தது). செயலாக்கம் முடிந்த தரவில் இரண்டாவதை நான் நம்ப மாட்டேன்.

சரி, நீங்கள் சொன்னபடி அங்கே கடலடியில் துளைத்த கிணறுகளின் அளவீடுகளுக்குப் போனேன். கிணற்றுக்குள் எடுத்த சோனிக் பதிவு தரும் ஒலி வேகத்தைப் பாறையின் அடர்த்தியால் பெருக்கினால் இம்பிடன்ஸ், அதாவது ஒலிக்குப் பாறை காட்டும் எதிர்ப்பு. அதன் மாற்றத்திலிருந்து எதிரொலிப்பு. அப்புறம் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையில் (பதிவோடு வரும் பிழையின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கி) அலை. ஒரு எச்சரிக்கை: தரவோடு வரும் நான்கு கிணறுகளில் எஃப்02-1, எஃப்03-2 இரண்டில்தான் அளந்த அடர்த்தி உண்டு. மற்றவற்றில் இருப்பது நியூரல் நெட்வொர்க் கணித்தது. அதனால் முதல் கிணற்றில் அலையைக் கணித்து, இரண்டாவதில் சரிபார்க்கிறேன். பெரிய அடுக்குகள் பொருந்துகின்றன, மெல்லியவை இல்லை.

இம்பிடன்ஸின் முழு மதிப்பு மட்டும் இன்னும் தலைவலி. மிகக் குறைந்த அதிர்வெண்கள் பதிவிலேயே இல்லை. கிணற்று வளைவை மென்மையாக்கித்தான் நிரப்பியிருக்கிறேன். கிணறுகளுக்கு நடுவில் அந்த எண்களை நம்ப வேண்டாம்.