புதுப்பிப்பு: கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) அட்டை வந்துவிட்டது

துபாயில் மனைவியோடு இருந்த காலம் கனடா பிஆரைத் தக்கவைக்க உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். உதவியது. பிஆர் தக்கவைக்க 5 ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பது விதி. கனடா குடியுரிமை உள்ள துணையோடு வெளிநாட்டில் வாழ்ந்த நாள்களும் அதில் சேரும். சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டத்தான் காகிதம் வேண்டும்: இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், மனைவியின் கனடா பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ். புது அட்டை போன வாரம் ஸ்கார்பரோ வீட்டுக்குத் தபாலில் வந்தது.

குடியுரிமைக்கு இந்தச் சலுகை கிடையாது. 5 ஆண்டுகளில் 1,095 நாள் கனடாவிலேயே இருந்தாக வேண்டும். மாணவர் விசாவில் கனடாவில் இருந்த காலம் ஒரு நாளுக்கு அரை நாள் கணக்குதான், அதுவும் அந்த 5 ஆண்டுக்குள் இருந்தால்.

அப்புறம், அட்டை காலாவதியானால் பிஆரே போய்விடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு: போகாது. வெளிநாட்டில் இருந்தால் விமானம் ஏறத் தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.