உமிழ்வு குறைந்ததில் யார் பங்கு எவ்வளவு? வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறதே

தறிக்காரர்_மகன் (அம்மாபேட்டை, சேலம்):
ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) ஆறாம் அறிக்கையின் சினாரியோக்களை (உமிழ்வு இனி எப்படிப் போகலாம் என்று மாடல்கள் போட்ட கணக்குகள்) வைத்து எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். உமிழ்வை நான்கு எண்களின் பெருக்கலாகப் பிரிக்கும் காயா சூத்திரம்தான்: மக்கள்தொகை × ஆளுக்கான வருமானம் × ஒரு ரூபாய் உற்பத்திக்கு ஆகும் எரிசக்தி × ஒரு யூனிட் எரிசக்திக்கான கரியமிலவாயு.

குழப்பம் தீர அப்பாவின் தறிப்பட்டறையை வைத்துக் கணக்குப் போட்டேன். நாளுக்கு 100 யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு 0.8 கிலோ கரியமிலவாயு. மோட்டாரை மாற்றினால் 60 யூனிட். கூரையில் சோலார் போட்டால் யூனிட்டுக்குச் சராசரி 0.5. (எல்லாம் கணக்குக்குத்தான். மோட்டார் இன்னும் பழையதுதான்.) 80 கிலோ 30 ஆகிறது. மோட்டாரை முதலில் எடுத்தால் அதன் பங்கு 32, சோலார் 18. சோலாரை முதலில் எடுத்தால் சோலார் 30, மோட்டார் 20. எதை எழுதுவது?

கொண்டை_ஊசி_20 (ஏற்காடு):
தம்பி, இரண்டுக்கும் வித்தியாசம் 12 கிலோ. 40 யூனிட் × 0.3. இரண்டும் சேர்ந்தே சாதித்தது அது. ஒருவர் பெயரில் பட்டா போட முடியாது. ஷாப்லி முறை எல்லா வரிசையையும் போட்டுச் சராசரி எடுக்கும்: மோட்டார் 26, சோலார் 24. லாகரிதம் வைத்துப் பிரிக்கும் எல்எம்டிஐ முறையில் 26.04, 23.96. எதை எடுத்தாலும் முறையின் பெயரை எழுதிவிடு.

இன்னொன்று. இவற்றை ‘காரணம்’ என்று எழுதாதே. பல மாடல்களில் சிக்கனத்தையும் சோலாரையும் சேர்த்துத் தள்ளுவது கார்பன் விலை (உமிழ்வுக்குப் போடும் கட்டணம்). நீ பிரிப்பது விளைவைத்தான்.

தறிக்காரர்_மகன்:
நன்றிங்கண்ணா. எல்எம்டிஐ-தான் போட்டிருந்தேன். ஆனால் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் போனால் எக்செல் பிழை காட்டுகிறது.

எண்ணும்_எழுத்தும்:
உமிழ்வு பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். உயிரி எரிபொருளை எரித்து, புகையைப் பிடித்து மண்ணுக்குள் புதைக்கும் சினாரியோக்களில் அப்படி வரும். மைனஸ் எண்ணுக்கு லாகரிதம் ஏது? புதைத்த அளவைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள், இல்லையென்றால் ஷாப்லிக்குப் போங்கள். அப்புறம், எதோடு ஒப்பிட்டீர்கள்? 2020 உடன் என்றால் மக்கள்தொகையும் வருமானமும் உமிழ்வை ஏற்றிக் காட்டும். அதே சமூகப் பொருளாதாரப் பாதையின் பேஸ்லைனோடு (உமிழ்வைக் குறைக்கப் புதிதாக எதுவும் செய்யாத கணக்கு) என்றால் மக்கள்தொகையின் பங்கு மறைந்துவிடும். இரண்டையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

வெள்ளைக்கல்_ஓய்வு:
நான் மேக்னசைட் சூளையில் வேலை பார்த்தவன். தம்பி சூத்திரத்தில் என் சூளை எங்கே இருக்கிறது என்று தேடினேன், காணோம். எங்கள் வெள்ளைக்கல் 84 கிலோ சுட்டால் 40 கிலோ மெக்னீசியா, 44 கிலோ கரியமிலவாயு. எரிபொருள் புகை தனி. இது கல்லுக்குள் இருந்தே வருவது. சூளையைச் சோலாரில் ஓட்டினாலும் அந்த 44 வரும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் சுட்டாலும் இதே கதைதான். மொத்த உமிழ்வை எரிசக்தியால் வகுத்தால் இந்தக் கல் புகையும் ‘எரிசக்தியின் அழுக்கு’ என்று கணக்கில் ஏறிவிடும். சினாரியோ டேட்டாபேஸில் எரிசக்தி மட்டும், எரிசக்தியோடு தொழிற்சாலை வினைகளும் என்று தனித்தனி தரவு வரிசைகள் உண்டு. எதை எடுத்தாய், பார்.

தறிக்காரர்_மகன்:
பார்த்தேன் ஐயா. இரண்டும் சேர்ந்த வரிசையைத்தான் எடுத்திருக்கிறேன். மூன்று அத்தியாயத்துப் படங்களையும் திரும்பப் போட வேண்டும்.