புதுப்பிப்பு: தம்பியின் ரூம்மேட் எங்கே என்று தெரிந்துவிட்டது

டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் தம்பியின் ரூம்மேட்டைப் போலீஸ் பிடித்துப் போனது, நகரப் போலீஸின் இணையப் பக்கத்தில் பெயரே இல்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, நான் தேடிய இடமே தப்பு. சின்ன ஊர்ப் போலீஸ் பெரும்பாலும் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) சிறைக்குத்தான் கொண்டுபோகும், அதனால் அந்தச் சிறையை நடத்தும் ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகத்தின் கைதிகள் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கேயும் முதலில் வரவில்லை. அப்புறம் பார்த்தால் ரூம்மேட்டின் அப்பா பெயர் முன்னால், இவர் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில்! நம் இனிஷியல் படுத்தும் பாடு. குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, கைதான நேரம் எல்லாம் இருந்தது. ஜாமீனில் வந்த மறுநாளே பட்டியலில் பெயர் காணோம், இனி வழக்கு விவரம் நீதிமன்ற கிளார்க்கிடம்தான். சரி, கைதானபோது போலீஸ் எடுத்த போட்டோவைப் போட்டுவிட்டு, அதை நீக்கப் பணம் கேட்டு ஒரு இணையதளம் வந்தது, கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட தளங்களுக்கு டெக்சாஸ் 2013-லேயே சட்டம் போட்டுச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது.