1965 டாட்ஜ் டார்ட்: டிஸ்க் பிரேக் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஒஹாயோவில் வீட்டு கராஜில் ஒரு 1965 டாட்ஜ் டார்ட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். 225 ஸ்லான்ட் சிக்ஸ் (சாய்வாக அமைந்த ஆறு சிலிண்டர்) இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை. கவலை பிரேக்தான். நான்கு சக்கரத்திலும் டிரம், மாஸ்டர் சிலிண்டரும் (மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம்) ஒற்றை அறை. ஓரிடத்தில் கசிந்தால் மொத்த பிரேக்கும் போச்சு.

முன்பக்கத்துக்கு 1973 டார்ட்டின் டிஸ்க் செட்டைப் பொருத்த நினைக்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் சேர்த்து மாற்ற வேண்டும், அது சரி. ஆனால் அதன் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) நாலரை அங்குலம். என் பின் ஆக்ஸிலில் நாலு அங்குலம். (இடப்பக்க நட்டுகள் வேறு தலைகீழ் மரை!) நீங்கள் ஆக்ஸிலையே மாற்றினீர்களா, சக்கரம் பொருந்தும் அதன் முனைத் தட்டில் (ஃபிளான்ஜ்) புதிதாகத் துளை போட்டீர்களா? முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்டெப்னி சுமந்து ஓட்ட எனக்கு மனமில்லை. அப்புறம், பின்னால் டிரம்மே இருந்தால் எந்த புரோபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துவது) ஒத்துவரும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.